சிறுநீர்க் குழாயும் பையும்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் அறக்கட்டளையின் கட்டிலை இரவல் வாங்கியிருந்த ஒரு வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். படுக்கையில் இருந்த பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. அஸர் பாங்கு சொன்னதும் அவர் மகன் பையைக் குழாயிலிருந்து கழற்றி, அலசி, மறுபடி மாட்டினார். "அத்தா அசுத்தத்தோடு தொழக் கூடாதல்லவா?" என்றார். எண்ணம் நல்லதுதான். ஆனால் தினம் ஐந்து தடவை கிருமி உள்ளே போக அவரே வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

சிறுநீர்ப்பையிலிருந்து பை வரை மூடிய ஒரே பாதையாக இருக்க வேண்டும். முன்பு திறந்த பாட்டிலில் வடிய விட்ட காலத்தில், நான்கு நாட்களுக்குள் அநேகமாக எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். மூடிய பை வந்த பிறகும், குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் அபாயம் கூடுகிறது. ஆகவே டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தொழுகைக்காகப் பையைக் கழற்ற வேண்டியதில்லை. சிறுநீர் தானாக வடிந்துகொண்டிருப்பவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வக்து வந்தபின் உளூ செய்து, பையோடு தொழலாம். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதற்கு இடமிருக்கிறது. விவரங்களை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையைக் காலி செய்ய அடியிலுள்ள திறப்பு போதும். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். திறப்பின் நுனி பாத்திரத்தில் படக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்துவிடுங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருகிறார்கள். சிறுநீர் திரும்பி உள்ளே போகும். குழாய் மடங்காமல், இழுபடாமல் தொடையில் ஒட்டியிருக்கட்டும். குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும்; டெட்டால், பவுடர் வேண்டாம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை நன்றாகக் குடிக்கட்டும்.

குழாயைப் போடுவதும் மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் வேலை. கிருமி நீக்கிய புதுக் கையுறையும், பிரிக்காத உறையிலிருந்து எடுத்த புதுக் குழாயும் வேண்டும்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, இரத்தம், வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம், பையில் சிறுநீர் இறங்காமல் நிற்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.