37 அங்குல டயருக்கு எந்த ஆக்சில் கியர்?

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய ராங்ளர் ரூபிகான் ஜீப்பை உயர்த்தி, 33 அங்குல டயருக்குப் பதில் 37 மாட்டியிருக்கிறேன். ஏற்றத்தில் திணறுகிறது. ஆக்சிலில் 4.10 கியர் இருக்கிறது. எதற்கு மாற்றலாம்?

பதில்: 4.88 பொருத்தமானது. வண்டியை உயர்த்துவதால் இழுவை குறைவதில்லை. டயரின் விட்டம்தான் அதைத் தீர்மானிக்கிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருள்வதால், அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுழன்று திணறுகிறது.

கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும்: 4.10 × 37 ÷ 33 = 4.60. கடையில் கிடைப்பவை 4.56, 4.88, 5.13. முதலாவது பழைய நிலையை ஏறத்தாழ மீட்கும். ஆனால் பெரிய டயர் எடையும் கூடியது. அதைச் சுழற்றவும் மலையேறவும் கூடுதல் இழுவை வேண்டும். அதனால் ஒரு படி மேலே போவதே நல்லது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு 4.56 போதும்.

முன், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே விகிதம் இருப்பது கட்டாயம். வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் டிரான்ஸ்பர் கேஸ் சேதமடையும். டயர் அளவையும் புதிய விகிதத்தையும் வண்டியின் கணினியில் பதிந்தால்தான் வேகமானி சரியாகக் காட்டும். புதிய கியர் பதமாகும் முதல் 500 மைல் வரை பாரம் இழுக்காமல் ஓட்டி, பின்பு ஆக்சில் எண்ணெயை மாற்ற வேண்டும்.