பின்தொடை பிடித்துக்கொண்டால்...

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிப் பக்கம் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: "எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னா சரியாப் போயிடும்!" அலுப்புக்கு அது சுகம்தான். ஆனால் ஓடும்போது பின்தொடையில் 'விண்'ணென்று இழுத்துக்கொண்ட பிள்ளையை உடனே அங்கே கூட்டிப் போகாதீர்கள். உள்ளே சதை நார் கிழிந்து ரத்தம் கசிந்திருக்கும். முதல் 3 நாள் அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், ஓய்வு போதும்.

வலி போனபின்பும் விறைப்பு நிற்கும். கிழிந்த இடத்தில் தழும்பு. மறுபடி கிழியாமலிருக்க உடம்பே சதையை இறுக்கிக்கொள்கிறது. அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வலிக்காத அளவுக்கு மெள்ள நீட்டலாம், இதமாக நீவலாம். பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள்! சதைக்குப் பலமும் வரவேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி மெதுவாக இறக்குவது நல்ல ஆரம்பம்.

"விஹாரி அடிபட்டும் ஆடலையா?" என்பான் பையன். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் பின்தொடை கிழிந்தும், நம்ம அஸ்வினோடு நின்று 161 பந்துகள் ஆடி டிரா செய்தவர்தான். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் இல்லை என்பதையும் சொல்லுங்கள். இரண்டு காலிலும் சம பலம் வந்து, முழு வேகத்திலும் வலிக்காவிட்டால்தான் பந்தயம்.

அடிபட்டபோது 'டப்'பென்று சத்தம், தொடை கன்றிக் கறுப்பது, கால் ஊன்ற முடியாமை இருந்தால் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.