பனிமலையில் மறைந்த விமானமும் காணாமற்போனவர் பற்றிய சட்டமும்

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சுழிக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த ஒரு தாய், பேரனின் கையைப் பிடித்தவாறு பள்ளிவாசல் படியருகே காத்திருந்தார்கள்.

"அசரத்து, பட்டாளத்துக்காரவுக மய்யித்து அம்பத்தாறு வருசங் கழிச்சுப் பனிக்குள்ளேருந்து கெடச்சிருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்காமே, நெசந்தானா?" என்று கேட்டார்கள். உண்மைதான் என்றோம்.

"அப்ப எம் மகனையும் இன்னும் தேடலாம்ல?" என்றார்கள்.

அவர்களுடைய மகன் அருப்புக்கோட்டையிலிருந்து சேலை மூட்டைகளுடன் வடநாட்டுக்கு வியாபாரத்திற்குச் சென்றவர். ஆறு வருடங்களாகத் தகவல் இல்லை. மருமகள் மாமியார் வீட்டிலேயே இருக்கிறார். 'அவன் மவுத்தாகிவிட்டான், அவளுக்கு வேறு நிக்காஹ் செய்து வையுங்கள்' என்று ஊரில் சிலர் கூறுகின்றனர். 'மய்யித்தைக் காணாமல் அது எப்படிக் கூடும்?' என்பது வேறு சிலரின் பேச்சு. இதற்கிடையில், நாலு ஏக்கர் கரிசலைப் பங்கு வைத்துவிட வேண்டுமென்று அண்ணன் தம்பிகள் அவசரப்படுகின்றனர்.

அன்று படியில் நின்றபடி நாம் சொன்ன பதில் போதுமானதல்ல. ஆகவே, அந்தத் தாய் கேட்ட செய்தியிலிருந்தே தொடங்கி, இச்சட்டத்தைச் சற்று விரிவாகக் கவனிப்போம்.

1968இல் மறைந்த விமானம்

1968 பிப்ரவரி 7ஆம் நாள், இந்திய விமானப்படையின் ஏ.என்.-12 விமானம் ஒன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்டது. வழியில் வானிலை மோசமாகவே, விமானத்தைத் திருப்ப விமானி முடிவு செய்தார். ரோஹ்தாங் கணவாய்ப் பகுதியில் வானொலித் தொடர்பு அறுந்தது. தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

35 வருடங்கள் சென்றன. 2003ஆம் ஆண்டில் மலையேறச் சென்ற ஒரு குழுவினர், இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பகுதியிலுள்ள டாக்கா பனியாற்றில் அந்த விமானத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். அதன்பின் இராணுவத்தினர் பல தடவை மலையேறித் தேடினர். 2019 வரை ஐந்து உடல்களே கிடைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. அவர்களுள் ஒருவர் கேரளத்தின் இலந்தூரைச் சேர்ந்த இளைஞர். மறைந்தபோது அவருக்கு வயது 22. அவருடைய உடல் 56 வருடங்களுக்குப் பின் சொந்த ஊர் வந்து அடக்கம் செய்யப்பட்டது.

இத்தனை காலம் ஏன் ஆயிற்று? நம் கரிசல் காட்டில் ஆடு தவறிவிட்டால், கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போகிறோம். விமானத்தைத் தேடுவோரும் அப்படியே செய்கின்றனர். கடைசியாகப் பேசிய இடம், சென்ற திசை, காற்று, மிச்சமிருந்த எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு எல்லையை வகுத்துக்கொண்டு தேடுகின்றனர். ஆனால், பனிமலையில் ஒரே இரவில் விழும் பனி எல்லாத் தடயத்தையும் மூடிவிடும். மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்க இயலாது. வெண்பனியில் வெளிறிய உலோகம் கண்ணுக்குப் புலப்படாது. மேலும், பனியாறு என்பது நிலையாக நிற்பதன்று. தன்னுள் புதைந்ததைச் சுமந்தவாறு மெல்ல மெல்லக் கீழே நகர்வதாகும். கோடையில் மேற்பனி உருகும்போதுதான் சிறிதளவு வெளிப்படும்.

2011 ஏப்ரல் 30ஆம் நாள், அருணாசலப் பிரதேச முதலமைச்சர் டோர்ஜி காண்டு ஐவர் சென்ற சிறு ஹெலிகாப்டரில் தவாங்கிலிருந்து புறப்பட்டுக் காணாமற்போனார். வானிலிருந்தும் செயற்கைக்கோள் மூலமும் தேடினார்கள். ஐந்தாம் நாள், மலைகளில் நடந்து தேடிய உள்ளூர் மக்களே சிதைவைக் கண்டனர். 2019 ஜூன் 3ஆம் நாள் 13 பேருடன் அதே மாநிலத்தில் மறைந்த ஏ.என்.-32 விமானத்தைத் தேட, நம் அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்தும் விமானம் சென்றது. எட்டு நாட்களுக்குப் பின் சுமார் 12,000 அடி உயரத்தில் சிதைவு தென்பட்டது. எவரும் உயிர் பிழைக்கவில்லை.

தேடல் நின்றால் மரணம் உறுதியாகுமா?

ஆகாது. 1972 அக்டோபர் 13ஆம் நாள், உருகுவே நாட்டு விமானம் ஒன்று 45 பேருடன் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் பனிமலையில் விழுந்தது. எட்டு நாட்கள் தேடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மலைமீது உயிரோடிருந்தவர்கள், தங்களைத் தேடுவது நின்றுவிட்டது என்ற செய்தியைச் சிறு வானொலிப் பெட்டியில் தாங்களே கேட்டார்கள்! பின்னர் அவர்களில் இருவர் பத்து நாட்கள் நடந்து சிலி நாட்டுக் கால்நடை மேய்ப்பவர் ஒருவரை எட்டினர். 72 நாட்களுக்குப் பின் 16 பேர் மீட்கப்பட்டனர்.

உறுதியாக அறியப்பட்டது வெறும் சந்தேகத்தால் நீங்குவதில்லை என்பது பிக்ஹு அறிஞர்களின் அடிப்படை விதியாகும். ஒருவர் உயிருடன் சென்றது உறுதி. அவர் இறந்தது சந்தேகம். எனவே, ஊர்ப்பேச்சை வைத்து ஒருவரை மவுத்தாக்கிவிட முடியாது. நபி யஃகூப் (அலை) அவர்கள் நெடுங்காலம் சென்ற பிறகும், யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறு மக்களை ஏவினார்கள்; அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் கூறினார்கள். அவர்கள் துஆவுடன் தேடலையும் சேர்த்தே சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சொத்தின் சட்டம்

உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்று அறியப்படாதவரை 'மஃப்கூத்' என்பர். அவருக்கு இரு நிலைகள் உண்டு. தம் சொந்தப் பொருளைப் பொறுத்தவரை அவர் உயிருடனிருப்பவர். அதை வாரிசுகள் பங்கிடக் கூடாது. மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகும் செலவை அதிலிருந்து கொடுக்கலாம். இன்னொரு உறவினர் இறந்து, அவரிடமிருந்து இவருக்குப் பங்கு வரவேண்டியிருந்தால், அப்பங்கு நிறுத்தி வைக்கப்படும். இவர் வந்தால் இவருக்கு. மரணத் தீர்ப்பு ஆகிவிட்டால் அந்த உறவினரின் மற்ற வாரிசுகளுக்கு.

அந்தத் தாயின் குடும்பத்தில், பொது நிலத்தில் சகோதரர்கள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். காணாமற்போனவரின் பங்கில் கைவைக்க முடியாது. மரணத் தீர்ப்பு ஆகும்போது, அந்நாளில் உயிருடனிருக்கும் வாரிசுகளுக்கே அது சேரும். ஏழு வருடங்கள் தகவலில்லாதவர் உயிருடனிருப்பதாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டுமென்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி உள்ளது.

மனைவியின் சட்டம்

அவருடைய சம வயதினர் இறந்துபோகும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டுமென்பது ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பாகும். இக்காலத்தில் ஒரு இளம் பெண்ணுக்கு இது தாங்கவொண்ணாச் சுமை. மாலிகி மத்ஹபில், ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை ஒட்டி, நான்கு வருடத் தவணையும், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் வகுக்கப்பட்டுள்ளன. விஷயம் காஜியிடம் வந்து, விசாரித்துத் தேடியும் அறியமுடியாமற் போன பிறகே அத்தவணை தொடங்கும். தேடுதல்தான் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) போன்ற ஹனஃபி உலமாக்கள், பெண்களின் கஷ்டத்தைக் கண்டு இந்த மாலிகி தீர்ப்பை ஏற்றுக்கொள்ள இடமளித்தார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, கணவன் இருக்குமிடம் நான்கு வருடங்கள் தெரியாதிருந்தால் மனைவி நீதிமன்றத்தில் முறிவு கோரலாம். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் வந்து சேர்ந்து வாழச் சித்தமாயிருந்தால் தீர்ப்பு நீக்கப்படும். நீதிமன்றம் செல்லுமுன் காஜியிடமும் உலமாக்களிடமும் கலந்து, மார்க்க முறைப்படியான பஸ்கையும் இத்தாவையும் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். திருமண முறிவுத் தீர்ப்பு வேறு, மரணத் தீர்ப்பு வேறு. முன்னதை வைத்துச் சொத்தைப் பங்கிட முடியாது.

அழிவின் அறிகுறி பலமாயிருந்தால் நிலை வேறு. ஹன்பலி அறிஞர்கள் கப்பல் உடைந்து மறைந்தவரைச் சாதாரணப் பயணியிலிருந்து பிரித்தே பேசியுள்ளனர். 2016 ஜூலை 22ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. பெருந்தேடலுக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பரில் அவர்கள் இறந்தவர்களாகக் கருதப்பட்டனர். கடலடியில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவு கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை அக்குடும்பங்களை அந்தரத்தில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு கொடுமை!

மய்யித் கிடைத்தால்

எத்தனை வருடமானாலும் மய்யித்தின் உரிமை காலாவதியாவதில்லை. உடலில் பாதிக்கு மேலோ, தலையுடன் பாதியோ கிடைத்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழவேண்டும். அதைவிடக் குறைவாயின் துணியில் சுற்றி அடக்க வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபி மத்ஹபில் ஒரு பகுதி கிடைத்தாலும் தொழுகை உண்டு. உடலில்லாமல் தொழும் காயிப் ஜனாஸாவும் ஷாஃபியாக்களிடம் கூடும், ஹனஃபியாக்களிடம் இல்லை. எப்படியாயினும், மரணம் உறுதியாகுமுன் ஜனாஸா தொழுவதற்கு இடமில்லை.

அந்தத் தாய்க்கு நம் பதில்

அம்மா, தேடலாம், தேடத்தான் வேண்டும். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடைசியாகப் போன் பேசிய ஊர், சரக்கு இறக்கிய கடை, ரயில்வே போலீஸ், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என ஒவ்வொன்றாக ஜமாஅத்தார் எழுதிக் கேட்கட்டும். அக்காகிதங்களே நாளை காஜியிடமும் நீதிமன்றத்திலும் உங்கள் மருமகளுக்குச் சாட்சியாகும். அவர் சட்டப்படி வேறு வாழ்வைத் தேடிக்கொண்டால், உங்கள் மகனுக்குத் துரோகம் செய்தவர் ஆகமாட்டார். நீங்கள் மகனுக்காகத் துஆச் செய்துகொண்டிருப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்காது.

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல்: பனிமலையில் 56 வருடம் கழித்தும் தேடியவர்கள் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைக்காக நாம் எத்தனை நாள் தேடினோம், எத்தனை தபால் எழுதினோம் என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.