பிள்ளைகளின் விருந்துக்கு வீட்டுப் பானமும் பலகாரமும்

குடும்ப நலப் பாடம்



“உம்மா, என்ட பிறந்தநாளுக்குக் கூட்டாளிமாரைக் கூப்பிடட்டா?” என்று பிள்ளை கேட்கும்போது நம்மில் பலர் உடனே பதில் சொல்வதில்லை. இருபது பிள்ளைகள் வந்தால் கேக் வேண்டும், கலர்ச் சோடா வேண்டும், கடைப் பலகாரம் வேண்டும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது பல நாட் கூலி. சிலர் பிள்ளையை அதட்டி அடக்குகிறோம். சிலர் கடன்படுகிறோம்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து பல குடும்பங்கள் கடல்வழியாக இந்தக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கின. யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. வயலும் தோட்டமும் வீடும் பின்னால் நின்றுவிட்டன. ஆனால் எள்ளுருண்டை பிடிக்கும் கைப்பக்குவத்தை யாராலும் பறிக்க முடியவில்லை. அன்று இளந்தாயாக வந்து இறங்கியவர் இன்று பாட்டி. அவருடைய பேரப்பிள்ளைகள் பள்ளிவாசல்துறையிலும் அயல் ஊர்களிலும் பிறந்து வளர்கிறார்கள். அந்தக் கைப்பக்குவம் அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

பெருநாள், நத்தார், பொங்கல், பிறந்தநாள் எதுவானாலும், இருபது பிள்ளைகளுக்குக் கடன் இல்லாமலும் நோய் வராமலும் விருந்து வைப்பது எப்படி என்பதே இப்பாடம்.

1. முதலில் தண்ணீர்

பானம் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் கெட்டிருந்தால் எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் அது கெட்ட பானமே. விருந்து முடிந்த மறுநாள் வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம் என்றால், நாம் கொடுத்தது விருந்தல்ல.

(அ) கொதிக்க வைத்தல்: தண்ணீரைத் துணியால் வடித்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடவும். மூடியபடியே ஆறவிடவும். முதல் நாள் இரவே செய்து வைத்தால் மறுநாள் அவசரம் இல்லை.

(ஆ) வெயிலில் வைத்தல்: விறகு குறைவான வீட்டுக்கு இது உதவும். நிறமில்லாத, கீறல் விழாத, இரண்டு லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, தெளிந்த தண்ணீரை நிரப்பி மூடவும். தகரத்தின் மேல் படுக்க வைத்து நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் விடவும். மேகமூட்டமானால் இரண்டு முழுநாள் வைக்க வேண்டும். கலங்கிய தண்ணீருக்கு இம்முறை உதவாது.

இனி முக்கியமான ஒரு விடயம். நமது மண் மணல். தோட்டத்துக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் மணலினூடாக இலகுவாகக் கீழே இறங்கிக் கிணற்றில் சேருகின்றன. இதனால் கற்பிட்டிக் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிறாம். நைத்திரேற்றுக்கு நிறமும் மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் அது போகாது. நெடுநேரம் கொதித்துத் தண்ணீர் வற்றினால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இதனால் அதிக ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கே. அத்தகைய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலு குறையும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அவ்வாறு கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவே ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். விருந்தென்று ஒரு கரண்டி சர்பத்தும் வேண்டாம். மற்றவர்களுக்கும் தோட்டத்து நடுக்கிணற்றை விட்டு, தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் தூரமான கிணற்றிலோ குழாயிலோ தண்ணீர் எடுக்கவும். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

(இ) ஐஸ்: மீன்வாடியில் உடைத்துப் போடும் ஐஸ் மீனுக்கு உரியது. அதைப் பானத்தில் போட வேண்டாம். பானம் குளிர வேண்டுமானால் மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, காற்றுப்படும் நிழலில் வைக்கவும்.

2. அடுத்து சீனி

2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறி இடும் விதி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிறாமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிறாம் வரை செம்மஞ்சள். 2 கிறாமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்புக் குறி உள்ள பானத்தில் 200 மில்லிலீற்றர்க் கோப்பை ஒன்றைக் குடித்தால் 22 கிறாமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. அது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி.

உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி, ஒருவருடைய நாளாந்தச் சக்தித் தேவையில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 37 கிறாம் அளவு. மேலே சொன்ன ஒரு கோப்பையிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. விருந்து நாளில் இனிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவைப் போடும் கை நம்முடைய கையாக இருந்தால் நல்லது என்றே சொல்கிறோம்.

3. மூன்று பானங்கள்

தேசிக்காய்–கசகசாப் பானம் (20 கோப்பை)

தேவை: ஆறவைத்த தண்ணீர் 4 லீற்றர், தேசிக்காய் 12 முதல் 15, சீனி 200 கிறாம், உப்பு ஒரு சிட்டிகை, சர்பத்துக்குப் போடும் கசகசா 2 மேசைக்கரண்டி.

கசகசாவை ஒரு கோப்பை ஆறிய தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிடவும். விதை வழுவழுப்பாக முழுமையாக ஊதிய பின்னரே சேர்க்க வேண்டும். காய்ந்த விதை தொண்டையில் ஒட்டும். சீனியைச் சிறிதளவு சுடுநீரில் கரைத்து மற்றத் தண்ணீருடன் கலக்கவும். தேசிக்காயைக் கடைசியில் பிழியவும். விதை நசுங்கினால் கசக்கும். ஒரு கோப்பையில் சீனி 10 கிறாம் மட்டுமே; சிவப்புக் குறிப் பானத்தின் பாதியிலும் குறைவு.

வெங்காய மோர் (20 கோப்பை)

தேவை: தயிர் 1 லீற்றர், ஆறிய தண்ணீர் 3 லீற்றர், சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 1, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, உப்பு 2 மட்டத் தேக்கரண்டி.

தயிரை நன்றாக அடித்துத் தண்ணீர் சேர்க்கவும். மற்றவற்றை இடித்துப் போட்டு, கால் மணித்தியாலம் விட்டு வடித்தால் காரம் பிள்ளைகளுக்கு அளவாக இருக்கும். இதில் சீனி இல்லை. வெயிலில் ஓடி விளையாடிய பிள்ளைகளுக்கு முதலில் இதையே கொடுக்கவும். தாகம் தணிந்த பிறகு இனிப்பைக் குறைவாகவே கேட்பார்கள்.

விளாம்பழப் பானம் (10 சிறு கோப்பை)

தேவை: நன்கு பழுத்த விளாம்பழம் 3, தேங்காய் 1, கருப்பட்டி அல்லது பனங்கட்டி 150 கிறாம், உப்பு ஒரு சிட்டிகை.

பழச் சதையைக் கரைத்து வடிக்கவும். கருப்பட்டியை உருக்கி வடித்து ஆறவிடவும். ஆறிய தண்ணீரில் பிழிந்த தேங்காய்ப்பாலுடன் மூன்றையும் கலக்கவும். தேங்காய்ப்பால் வெப்பத்தில் விரைவில் பழுதாகும். பரிமாறும் நேரத்திலேயே கலந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடவும். மீந்ததை வைக்க வேண்டாம்.

தென்னை உள்ள வீட்டுக்கு இளநீரே போதும். பிள்ளைகள் முன்னாலேயே வெட்டிக் கொடுத்தால் தண்ணீர்ப் பயமும் இல்லை.

4. நான்கு பலகாரங்கள்

எள்ளுருண்டை: எள்ளு 500 கிறாமைக் கல், மண் நீக்கிக் கழுவிக் காயவிட்டு, படபடவென்று வெடிக்கும்வரை வறுக்கவும். உரலில் இட்டு அரைவாசி இடிபட்டதும் சர்க்கரை 300 கிறாம் சேர்த்து இடிக்கவும். எண்ணெய் கசிந்து கையில் ஒட்டும் பதத்தில் நெல்லிக்காய் அளவில் உருட்டவும். பாகு காய்ச்சத் தேவையில்லை. ஏறத்தாழ 40 உருண்டை வரும்.

பயற்றம் உருண்டை: பயறு 500 கிறாமை மணம் வர வறுத்து, கோது நீக்கி, மாவாக அரைக்கவும். அரைத் தேங்காயின் பூவைப் பொன்னிறமாக வறுத்து, ஏலமும் சிறிது மிளகும் சேர்த்து மாவுடன் கலக்கவும். சர்க்கரை 300 கிறாமை ஒரு கோப்பைத் தண்ணீரில் காய்ச்சி வடித்து, பாகைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, சூடு தாங்கும்போதே உருட்டவும். மாவில் தோய்த்துப் பொரித்தால் அது பயத்தம் பணியாரம். எண்ணெய்ச் செலவைப் பார்த்தால் பொரிக்காததே போதும்.

பீற்றூட் தேங்காய் மிட்டாய்: ஒரு பெரிய தேங்காயின் பூ, சீனி 250 கிறாம், பசுப்பால் அரைக் கோப்பை ஆகியவற்றைத் தாச்சியில் இட்டு மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறவும். இறுகி வரும்போது பீற்றூட்டைத் துருவிப் பிழிந்த சாறு 2 மேசைக்கரண்டி விடவும். தாச்சியில் ஒட்டாமல் திரண்டதும் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, 30 துண்டாக வெட்டவும். கடைத் தூளால் வரும் சிவப்பை நமது தோட்டத்துக் கிழங்கே தருகிறது. மஞ்சள் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். இனிப்பு அதிகம் என்பதால் பிள்ளைக்கு ஒரு துண்டு.

தாளித்த கடலை: கடலை 1 கிலோவை இரவு ஊறவிட்டு, உப்பிட்டு மெதுமையாக அவிக்கவும். கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்து, தேங்காய்ச் சொட்டுச் சேர்க்கவும். வயிறு நிறையும், உடலை வளர்க்கும் புரதமும் உண்டு. இதை முன்னே வைத்து இனிப்பைப் பின்னே வைக்கவும்.

5. கவனிக்க வேண்டியவை

• ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான், முழுக் கடலை, தேங்காய்ச் சொட்டுக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கலாம். கடலையை மசித்துக் கொடுக்கவும்.
• ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.
• கோப்பையைப் பானைக்குள் தோய்க்க வேண்டாம். நீண்ட பிடி அகப்பையால் ஒருவரே வார்க்கட்டும்.
• கைகழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் வாசலில் இருக்கட்டும்.
• எள்ளு, கச்சான், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் முன்னரே கேட்கவும்.
• வயிற்றோட்டம் கண்டால் இனிப்புப் பானம் அதை மோசமாக்கும். ஜீவனியைப் பொதியில் உள்ளபடி கரைத்துக் கொடுக்கவும். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கவும். பிள்ளை சோர்ந்து போனாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவும்.

6. வேலையைப் பங்கிடுதல்

இவ்வளவையும் தாய் ஒருத்தி செய்தால் விருந்து அவளுக்குச் சுமையாகிவிடும். எள்ளுருண்டையும் பயற்றம் உருண்டையும் ஈரம் படாத மூடிய பேணியில் பல நாள் இருக்கும். மூன்று நாள் முன்னரே பிடித்து வைக்கலாம். தண்ணீர் கொதிக்க வைப்பதும் தேங்காய் துருவுவதும் தந்தையின் பங்காகட்டும். உருண்டை உருட்டப் பிள்ளைகளை அழைக்கவும். பாட்டி பக்கத்தில் இருந்து, “எங்கட ஊரில இதை எப்பிடிச் செய்வோம் தெரியுமா?” என்று சொல்லிக் கொடுக்கட்டும். தான் உருட்டிய உருண்டையைக் கூட்டாளிக்குக் கொடுக்கும் பிள்ளை, கடைக் கேக் இல்லையே என்று வெட்கப்படாது.

இழந்து வந்த நாம் நெடுங்காலம் பிறர் கொடுப்பதை வரிசையில் நின்று வாங்கினோம். நம்முடைய வாசலில் நாமே பிறருக்கு வார்த்துக் கொடுக்கும் ஒரு கோப்பை மோர் சிறிய விடயம் அல்ல. பிள்ளை அடுத்த முறை கேட்கும்போது, “கூப்பிடு மகன்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நாம் குடிக்கும் கிணற்றுக்கும் அருகிலுள்ள தோட்டத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம்? அது பரிசோதிக்கப்பட்டதா?
2. கடைசியாக வைத்த விருந்துக்குக் கடன்பட்டோமா? எந்தப் பொருளுக்காக?
3. நம் ஊரிலிருந்து கொண்டு வந்த பலகாரங்களில் பிள்ளைகளுக்குத் தெரியாதவை எவை?

செய்து பார்க்க

தேசிக்காய்ப் பானத்தையும் தாளித்த கடலையையும் ஒரு நாள் குழுவாகச் செய்யவும். வாங்கிய பொருள்களின் விலையைக் கூட்டி இருபதால் பிரிக்கவும். ஒரு பிள்ளைக்கு முடிந்த செலவை, கடையில் ஒரு போத்தல் சோடாவும் ஒரு துண்டுக் கேக்கும் விற்கும் விலையோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதி வைக்கவும்.