எந்த வேளைக்கு எந்தப் பாட்டு?

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் எத்தனை பாடல் பட்டியல்கள் வைத்திருக்கிறீர்கள்? சோகத்துக்கு ஒன்று, குத்துப் பாட்டுக்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று, தூங்குவதற்கு ஒன்று என்று குறைந்தது நான்காவது இருக்கும். இந்தப் பாட்டை ஏன் இந்தப் பட்டியலில் போட்டாய் என்று யாராவது கேட்டால், "பிடித்தது, போட்டேன்" என்பீர்கள். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் ஒரு பாட்டு உங்கள் நாடியை ஏற்றுகிறதா, இறக்குகிறதா, நாளைய வரலாற்றுச் சோதனைக்கு நீங்கள் மனப்பாடம் செய்ததைக் கலைக்கிறதா என்பதெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய செய்திகள். இந்த வாரம் அவற்றைப் பார்ப்போம்.

மைக் செட்காரரின் பட்டியல்

இந்த வேலையை நமக்கு முன்பே செய்தவர் ஒருவர் உண்டு. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கோயில் திருவிழா என்றால் முதல் நாளே மைக் செட் வந்துவிடும். குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டுவார்கள். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாடல். வெயில் ஏற ஏற எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். சாமி புறப்படும் நேரம் வந்தால் இசைத்தட்டை நிறுத்திவிட்டு உறுமி மேளத்துக்கு இடம் விடுவார்கள். இரவில் சினிமாப் பாட்டு. கல்யாண வீட்டுக்கு வேறு வரிசை. சாவு வீட்டில் ஒலிபெருக்கி ஓய்ந்திருக்க, தப்பு மட்டும் பேசும். இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கல்யாணத்தில் ஒரு சோகப் பாட்டு தவறி ஒலித்துவிட்டால் லயத்தில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வழியே தாழ்ந்த ஒலிகள் சரியாக வெளிவரா. நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்கள்தாம் பாய்ந்து வரும். கணீரென்ற குரலும் நாதஸ்வரமும் பால்மரக் காட்டைத் தாண்டிக் கேட்டதற்கும், மெல்லிய பாட்டுகள் நாலாவது வரிசை மரத்தோடு கரைந்துபோனதற்கும் இதுவும் ஒரு காரணம். கருவிக்கு ஏற்ற பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் பட்டியல் போடும் கலையில் சேர்ந்ததுதான்.

ஒரு பாட்டின் ஒலியை மட்டும் வைத்து, அது எந்த வேளைக்கு உரியது என்று கண்டுபிடிக்க முடியுமா? 2018-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் மெர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். உலகின் 86 சமூகங்களின் பாடல்களிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேரை இணையம் வழி கேட்க வைத்தார்கள். மொழியும் தெரியாது, ஊரும் தெரியாது. இருந்தும், எது தாலாட்டு, எது ஆட்டப் பாட்டு என்பதைப் பலரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். காதல் பாட்டை மட்டும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை! காதலுக்கென்று தனி ஒலி கிடையாது போலும். நம் சினிமா இசையமைப்பாளர்கள் அதை எல்லாத் தாளத்திலும் போட்டுப் பார்த்துவிட்டார்கள் அல்லவா?

தொட்டிலில் ஒரு கணக்கு

தாலாட்டு எப்படி அடையாளம் தெரிகிறது? முதல் காரணம் வேகம். இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சேலையில் கட்டிய தொட்டில் ஓர் ஊசல். ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், 2π பெருக்கல் நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்ததன் வர்க்கமூலம். நீளத்தை 1 மீட்டர் என்று வைத்தால் விடை ஏறக்குறைய 2 விநாடி. தொட்டில் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையைத் தொடும்போது பாட்டில் ஒவ்வோர் அடி விழுகிறது என்றால், நிமிடத்துக்கு 60 அடி. ஆட்டுபவர் அவசரப்பட்டாலும் தொட்டில் அவசரப்படாது. பாட்டின் வேகத்தைச் சேலையின் நீளம் தீர்மானிக்கிறது.

நம் நாட்டு வீடுகளில் சுருள்வில்லில் தொங்கும் தொட்டில்தான் இன்று அதிகம். மலாய் மொழியில் புவாயான். அது பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் குதிக்கும். குழந்தையைப் படுக்க வைத்ததும் வில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, மேலே உள்ள சூத்திரத்தில் ஊசல் நீளத்துக்குப் பதிலாக அந்த நீட்சியைப் போடுங்கள். வில் ஹூக் விதிக்கு உட்பட்டு நீளும் வரை கணக்கு சரியாக வரும். நீட்சி 25 செண்டிமீட்டர் என்றால் ஒரு குதிப்புக்கு 1 விநாடி. மறுபடியும் நிமிடத்துக்கு 60! ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். தாலாட்டு அந்த எல்லையின் அடிவாரத்தில் நிற்கிறது.

இசையின் வகையா, வேகமா?

ஒரு பாட்டின் வேகத்தை அளப்பது எளிது. பாட்டைக் கேட்டபடி விரலால் தட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். மணிக்கட்டில் நாடியையும் அதேபோல் எண்ணலாம்.

2006-ல் இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் இங்கிலாந்தின் பீட்டர் ஸ்லைட்டும் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுக் காட்டி, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றை அளந்தார்கள். ஆறு வகைகளுள் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் இருந்தது, இந்திய ராக இசையும் இருந்தது. வேகமான இசைக்கு மூன்றும் ஏறின. அது எந்த வகை இசை, கேட்பவருக்குப் பிடித்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. 'மெலடி', 'ராப்', 'பக்தி' என்று பெயர் பார்த்துப் பட்டியல் போடுவதைவிட வேகம் பார்த்துப் போடுவது பயன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான். வேகமான பக்திப் பாடல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே தூங்க முயன்றவர்களுக்கு இது புரியும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிய வந்தது. பாட்டுகளுக்கு நடுவே 2 நிமிட மௌனத்தையும் சேர்த்திருந்தார்கள். துடிப்பும் அழுத்தமும் மிகவும் இறங்கியது அந்த மௌனத்தில்தான். தொடக்கத்தில் இருந்ததைவிடவும் கீழே போயிற்று. மெல்லிய பாட்டு செய்யாததைப் பாட்டு நின்ற இடம் செய்தது. அந்தக் காலத்து மைக் செட்காரர் இசைத்தட்டைத் திருப்பிப் போட எடுத்துக்கொண்ட இடைவெளியை இன்றைய கைப்பேசி நமக்குத் தருவதில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது.

ஓட்டத்துக்குப் பட்டியல் போடுபவர்களுக்கும் வேகம்தான் வழிகாட்டி. எத்தியோப்பிய ஓட்டப்பந்தய வீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலகச் சாதனை படைத்தபோது, அரங்கில் அவர் விருப்பப்படி 'ஸ்கேட்மேன்' என்ற துள்ளல் பாட்டு ஒலித்தது. பாட்டின் அடியோடு காலடியைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் உடற்பயிற்சியின்போது இசை களைப்பை மறைக்குமே தவிரப் போக்காது. மிகக் கடினமாக ஓடும் கட்டத்தில் அந்த மறைப்பும் குறைந்துவிடும். மூச்சு முட்டும்போது பாட்டு காதில் ஏறாது.

சோகமாக இருக்கும்போது

நண்பனோடு சண்டை, தேர்வில் மதிப்பெண் குறைவு. வீட்டுக்கு வந்ததும் யாரோ ஒருவர், "சந்தோஷமான பாட்டைப் போட்டுக் கேள், சரியாகிவிடும்" என்கிறார். போடுகிறீர்கள். எரிச்சல்தான் கூடுகிறது. ஏன்?

1940-களில் அமெரிக்காவின் டிட்ராய்ட் பகுதியில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஐரா அல்ட்ஷுலர் ஒரு முறையை வகுத்தார். நோயாளி இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்க வேண்டும். பிறகு படிப்படியாக, போக வேண்டிய மனநிலையை நோக்கி இசையை மாற்ற வேண்டும். இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். இழப்பு நேர்ந்த வீட்டில் யாரும் ஆறுதல் பாட்டோடு தொடங்குவதில்லை. அழுகிறவர் இருக்கும் இடத்திலேயே பாட்டும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர் சொல்ல நினைத்ததை உரக்கச் சொல்கிறது. அழுகை ஓய்ந்த பிறகுதான் மற்ற பேச்சு.

நீங்களும் செய்து பார்க்கலாம். கோபமாக இருக்கும் ஒரு மாலையில் நிமிடத்துக்கு 140 அடி உள்ள பாட்டோடு தொடங்குங்கள். அடுத்தது 120. பிறகு 100, 85. கடைசியில் 65 பக்கம் வந்து, அதற்குப் பின் ஒன்றும் வேண்டாம், மௌனம். முதலிலும் முடிவிலும் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். ஒருநாள் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்; ஒரு வாரம் பாருங்கள், ஓரிரு நாள் பாட்டே போடாமல் சும்மா உட்கார்ந்தும் எண்ணிப் பாருங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், இறங்கியது பாட்டினாலா, உட்கார்ந்திருந்ததாலா என்று தெரியாது. வாரக் கணக்கில் நீங்காத சோகத்துக்கு மட்டும் பாடல் பட்டியல் போதாது. வீட்டுப் பெரியவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேசிவிடுங்கள்.

படிக்கும்போது

எஸ்.பி.எம். மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மொசார்ட் இசை கேட்டார்கள். பிறகு வடிவங்களைக் கையாளும் சோதனையில் சற்று நன்றாகச் செய்தார்கள். பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆனால் 'மொசார்ட் கேட்டால் அறிவு வளரும்' என்று உலகமே பேசத் தொடங்கியது. 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார்! மறு ஆண்டே கனடாவில் ஒரு சோதனை நடந்தது. கதை கேட்க விரும்பியவர்களுக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டியபோதும் அதே பலன் கிடைத்தது. உற்சாகம்தான் வேலை செய்தது. மொசார்ட் அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

மனப்பாடம் செய்யும்போது நடப்பது வேறு. படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறோம். அந்த உள்குரல் ஓடும் அதே பாதையில் பாட்டின் சொற்களும் நுழைந்தால் நெரிசல். 1989-ல் பியர் சலாமே, ஆலன் பாட்லி இருவரும் செய்த சோதனையில், குரலோடு கூடிய பாட்டு நினைவாற்றலைக் கருவியிசையைவிட அதிகமாகக் கெடுத்தது. "நான் கேட்பது கொரியப் பாட்டு, எனக்கு அர்த்தமே தெரியாது" என்பார்கள் சிலர். 1976-ல் நடந்த ஒரு சோதனையில், மாணவர்கள் தங்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழிப் பேச்சைக் கேட்டபோதும் நினைவு தடுமாறியது. வரலாற்றுக் குறிப்புக்கு மௌனம். முடியாவிட்டால் வீணையோ புல்லாங்குழலோ. புத்தகத்துக்கு அட்டை போடும்போது எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

உறுமியும் கெட்டிமேளமும்

விழா வேளையில் கணக்கு மாறும். அங்கே பாட்டு ஒருவருக்காக அல்ல, கூட்டத்துக்காக. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குச்சி தோலைப் பற்றி இழுக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. ஒரு விநாடிக்குள் பலமுறை. வயலின் வில்லும் நரம்பும் செய்வது இதே வேலைதான். அழுத்தம் கூடினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், அந்த உறுமல் பிறக்கும். மேளத்தின் வேகம் மெல்ல மெல்லக் கூடக் கூட, கூட்டத்தின் காலும் கையும் ஒரே அடிக்கு வந்து சேரும்.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஏன்? தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்பார்கள். ஒலியியலில் இதற்கு மறைத்தல் என்று பெயர். ஓங்கிய ஒலி தன்னோடு வரும் மெல்லிய ஒலியைக் கேட்கவிடாது. பேருந்தில் போகும்போது இது நமக்கு எதிராகத் திரும்புகிறது. இயந்திர இரைச்சல் பாட்டை மறைக்கிறது. நாம் இயர்போன் சத்தத்தைக் கூட்டுகிறோம்.

எவ்வளவு கூட்டலாம்? உலகச் சுகாதார நிறுவனம் தரும் எல்லை, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் வாரம் முழுதுக்கும் அரை மணி நேரம்கூட இல்லை. பல கைப்பேசிகள் முழுச் சத்தத்தில் அந்த அளவைத் தொடக்கூடியவை. பள்ளிக்குப் போய்வரும் ஒரே நாள் பயணத்தில் வாரத்துக்கான பங்கு தீர்ந்துவிடலாம்.

நம் உட்செவியில், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை அவை. மிகுந்த ஒலியில் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும் என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள். லயத்து வாசலில் மேயும் கோழிக்குத் திரும்பக் கிடைப்பது நமக்குக் கிடைக்காது. பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால், அன்று ஒலி எல்லை மீறிவிட்டது என்று பொருள். நாளை ஏறும்போது சத்தத்தைப் பாதிக்குக் குறைத்து வையுங்கள். இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லையா? அந்தப் பட்டியலை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.