பெயரிலேயே பாடம்: ஆர்.எஸ்.வி.

வைரஸ் பாடத்தில் நான் தவறாமல் சொல்வது ஆர்.எஸ்.வி. பற்றி. 1956இல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் கண்டறியப்பட்டது. இதன் எஃப் புரதம் பக்கத்துச் செல்களை ஒன்றாக்கிப் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல் ஆக்கிவிடும்; 'சின்சிட்டியல்' என்ற பெயர் அதனால்தான். பள்ளிப் பிள்ளைக்கு வெறும் சளி. அதுவே வீட்டுக் கைக்குழந்தைக்குத் தொற்றினால், நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். மூச்சிழுக்கையில் விலா ஒடுங்கும், பால் குடிக்காது. உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

1960களில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி நோயைக் கடுமையாக்கியது. இரு குழந்தைகள் இறந்தனர். செல்லோடு இணையுமுன் எஃப் புரதம் கொண்டிருக்கும் வடிவம் 2013இல்தான் தெளிவானது. அவ்வடிவில் அமைந்த தடுப்பூசியைக் கர்ப்பிணிகளுக்குப் போட 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேர்கின்றன.