மழை மாதங்களுக்குக் காசு கேள்

அன்புள்ள தம்பிக்கு,

ஓமலூர்ப் பக்கத்து மாரியம்மன் பண்டிகையில் நீ அரிச்சந்திரன் வேடம் கட்டி விடிய விடிய ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுவாரமே உன் கடிதம். கூத்து ஜமாவைப் பதிவு செய்யப் போகிறாய், நிதி எங்கே கிடைக்கும், எவ்வளவு கேட்கலாம் என்று எழுதியிருக்கிறாய். எதற்குக் கேட்கப் போகிறாய் என்று மட்டும் எழுதவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

ஆட்டத்துக்கான காசை ஊர் கொடுக்கிறது. வீட்டுக்கு வீடு வரி போட்டு, அச்சாரம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள். பங்கு பிரித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான், தெரியும். ஆனாலும் அடி பிசகினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி எழுந்து கேட்கிறாளே, அவள் வீட்டுக் காசும் அதில் இருப்பதால்தான் கேட்கிறாள். அந்த இடத்தில் வெளிக்காசைக் கொண்டுவந்து வைக்காதே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முகவீணை உறைக்குள் போய்விடுகிறது. பையன்கள் எடப்பாடித் தறிக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் போய்விடுகிறார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. அந்த மாதங்களுக்குக் கேள். சொல்லித்தரும் வாத்தியாருக்கு மாதச் சம்பளம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, வாசிப்பவருக்குக் கூலி. ஊரால் கொடுக்க முடியாதது இதுதான்.

பதிவைச் சங்கமாகவே செய். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அறக்கட்டளை பெரும்பாலும் ஒரு குடும்பத்துக் கைக்குள் போய்விடும். ஜமா உடைவதற்கு அது ஒன்று போதும். பல நிதித் திட்டங்கள் மூன்று வருஷப் பதிவும் தணிக்கை செய்த கணக்கும் கேட்கும், அதனால் தள்ளிப்போடாதே. அதோடு எல்லாரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வாங்கிவிடுங்கள்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரைத் திட்டம் குருவுக்கும் சீடர்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. நான் சொன்ன மழை மாதங்களுக்கு மிகப் பொருந்தி வருவது அதுதான். சென்னையில் 1955-இல் தொடங்கிய இயல் இசை நாடக மன்றத்தையும் கேட்டுப் பார். பெங்களூரில் இந்தியக் கலை அறக்கட்டளை என்று ஒன்று உண்டு, 1993-இல் தொடங்கியது. அவர்களுக்கு விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். நீ பேசுகிற தமிழிலேயே எழுது. ஆங்கிலம் தெரிந்தவரைப் பிடித்து எழுதிய விண்ணப்பங்களில் கூத்து எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

கம்பெனிக் காசு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியை எட்டிய கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் இருக்கிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்டுப் போகிறவர்கள் நூறு பேர். கூத்துக்குக் கேட்டுப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. போவதற்கு முன் வருமான வரிச் சலுகைக்கான பதிவும் சிஎஸ்ஆர்-1 படிவமும் முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை இப்போது நினைக்காதே. எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவிட்ட கணக்கு காட்ட வேண்டும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு சங்கத்துக்குப் பயிற்சிக்காக இரண்டு தவணையில் நிதி வந்தது. முதல் தவணையை நாணயமாகத்தான் செலவு செய்தோம். வேன் வாடகை, அரிதாரம், டீக்கடைப் பாக்கி எதற்கும் சீட்டு வாங்கவில்லை. இரண்டாம் தவணை வரவில்லை. பயிற்சி பாதியில் நின்றது. பதினோரு பிள்ளைகளில் இருவர்தான் இன்று வேடம் கட்டுகிறார்கள். அந்த ஒன்பது பேரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சீட்டு கிடைக்காத இடத்தில் வவுச்சர் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கு. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டு. அன்றன்றைக்கு எழுது.

டெங்கு ஒழிப்பு, கழிப்பறை என்று அரைமணி நேர விழிப்புணர்வு ஆட்டம் கேட்பார்கள். போய் ஆடு, கூலி கிடைக்கும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் சங்கத்தின் நோக்கமாக அதை எழுதிவிடாதே. எழுதிவிட்டால் இரவு முழுக்க ஆடுகிற உன் கூத்தை அரைமணியாக வெட்டச் சொல்ல காசு தருகிறவர்களுக்கு உரிமை வந்துவிடும்.

காஞ்சிபுரம் பக்கம் கலைஞர்களே கூடி 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002-இல் குருகுலம் திறந்து பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். குருகுலம் 2020-இல் நின்றது. படித்தவர்களின் காலில் அடவு இருக்கிறது. நம் பக்கத்து ஏர்வாடியில் மணல்வீடு இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் களரி என்ற அமைப்பை வைத்து, நண்பர்களும் வாசகர்களும் தந்த காசைக் கூட்டிக் கலைஞர்களுக்கு விழா எடுத்து வருகிறார். இரண்டு வழியையும் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்.

ஆவணி முடிவதற்குள் சங்கத்தின் விதிகளை எழுதி எடுத்துக்கொண்டு வா. முகவீணை வாசிக்கும் பெரியவரையும் கூட்டி வா. அந்த ஏழு பேரில் அவர் ஒருவராக இருக்கட்டும். ஒரு மழைக்காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும் என்று அவர் வாயால் கேட்ட பிறகு தொகையை எழுதலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்